அப்பாவின் மழை நோட்டு: வெள்ள முன்னறிவிப்புக்கு இதனால் ஏதாவது பயன் உண்டா?

ஆத்தங்கரையான் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குக் கீழே, தாமிரபரணியின் தென்கரையில் எங்கள் ஊர். 1992 நவம்பர் வெள்ளம் வடிந்த அடுத்த மாதத்திலிருந்து அப்பா வீட்டு முற்றத்தில் மழை அளந்து நோட்டில் எழுதி வருகிறார். யாரும் சொல்லிச் செய்யவில்லை. அந்த வெள்ளத்தில் இரண்டு மாடு போனது, "எவ்வளவு பெய்தால் இப்படி வரும் என்று தெரிந்துகொள்ளணும்" என்று ஆரம்பித்தார்.

முதலில் சில வருடம் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஸ்கேலும்தான். 1996-ல் தெரிந்த ஒருவர் மூலமாக நிஜமான மழைமானி கிடைத்தது. வாய் 200 சதுர சென்டிமீட்டர், உள்ளே 4 லிட்டர் குப்பி, அளக்க ஒரு கண்ணாடி ஜாடி. தினமும் காலை எட்டரைக்கு அளப்பார். கல்யாண வீட்டுக்குப் போனாலும் யாரிடமாவது சாவி கொடுத்துவிட்டுத்தான் போவார். மொத்தம் 11 நோட்டு. ஒன்றைக் கரையான் பாதி தின்றுவிட்டது.

2023 டிசம்பர் 17-க்கு மட்டும் முக்கால் பக்கம் எழுதியிருக்கிறார். மற்ற நாளெல்லாம் ஒரு வரி. அன்று குப்பி நிரம்ப நிரம்பக் கொட்டிவிட்டு நேரத்தையும் குறித்திருக்கிறார். நாலாவது தடவை போகும்போது முற்றத்தில் முழங்கால் தண்ணீர். நாங்கள்தான் பிடித்து இழுத்து மச்சுக்கு ஏற்றினோம். நோட்டு வேட்டி மடிப்பில் இருந்தது.

போன மாதம் இந்த நோட்டுகளை ஓர் அலுவலகத்துக்கு எடுத்துப் போனேன். பெயர் வேண்டாம். மரியாதையாகத்தான் பேசினார்கள். "தனியார் பதிவை நாங்கள் சேர்க்க முடியாது" என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அப்பாவிடம் அதைச் சொல்ல மனசில்லை. இங்கே விவரம் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். இது நிஜமாகவே யாருக்காவது பயன்படுமா, அல்லது எங்கள் குடும்பத்துக்கு மட்டும்தானா?

---

சும்மாகேட்டேன்

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் அண்ணாச்சி. மேலே இன்சாட் செயற்கைக்கோள் இருக்கிறது, கீழே டாப்ளர் ரேடார் இருக்கிறது, இப்போது ஏஐ வேறு வந்துவிட்டது. இதற்கு நடுவில் ஒரு வீட்டு முற்றத்தில் குப்பியில் பிடித்த தண்ணீரை வைத்து யார் என்ன செய்யப்போகிறார்கள்? பாசம் வேறு, அறிவியல் வேறு.

---

மேகக்கணக்கு

நான் வானிலையைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்லும் மாதிரிகளில் (மாடல்) வேலை செய்கிறவள். சும்மாகேட்டேன் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் நினைப்பது அதுதான்.

முதலில் ரேடார். 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டத்தைப் பார்க்கக்கூடிய ரேடார் எவை? காரைக்காலில் ஒன்று. அங்கிருந்து காயல்பட்டினம் நேர்க்கோட்டில் ஏறக்குறைய 320 கிலோமீட்டர். ரேடார் கற்றை அரை டிகிரி சாய்வில் கிளம்பினாலும், பூமி வளைந்திருப்பதால் அவ்வளவு தூரம் போய்ச் சேரும்போது ஏறத்தாழ 9 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். மழை பெய்வது அதற்குக் கீழே. மேகத்தின் தலைமுடியை மட்டும் பார்த்து ஆள் எடையைச் சொல்லுவதுபோல.

இன்னொன்று திருவனந்தபுரம், தும்பாவில். தூரம் குறைவு, 140 கிலோமீட்டருக்குள்தான். ஆனால் நடுவில் பொதிகை மலைத்தொடர் நிற்கிறது. தாழ்வாக வரும் கற்றையை மலை மறைத்துவிடும், மேலே போவது மட்டும் தாண்டி வரும். சென்னை ரேடார் பற்றிப் பேச்சே வேண்டாம்.

அப்புறம் செயற்கைக்கோள். இன்சாட் மாதிரி ஒரே இடத்தில் நிற்பவை அகச்சிவப்பில் மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று பார்க்கும், அதிலிருந்து மழையை ஊகிக்க வேண்டும். அதிக உயரம் போகாத மேகம் கொட்டித் தீர்த்தால் அதன் கணக்கில் குறைத்தே விழும். நுண்ணலையில் பார்க்கும் கோள்கள் மழையைச் சரியாகப் பிடிக்கும், ஆனால் அவை ஓர் இடத்துக்கு மேலே எப்போதும் நிற்பதில்லை. வந்து போகும் இடைவெளியில் சில மணி நேரம் ஓடிவிடும்.

ஆக, அன்றைக்கு உங்கள் ஊருக்கு மேலே என்ன நடந்தது என்பதற்கு அருகிலிருந்த சாட்சி உங்கள் அப்பாதான்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். குப்பியைக் கொட்டிய நேரங்களை அப்படியே இங்கே எழுத முடியுமா? 24 மணி நேர மொத்தம் எல்லோரிடமும் இருக்கிறது. காயல்பட்டினம் 95 செ.மீ., திருச்செந்தூர் 69, ஸ்ரீவைகுண்டம் 62. அது பேப்பரிலேயே வந்தது. அந்த மழை எந்த மணிக்கு எவ்வளவு பெய்தது என்பதுதான் எங்களுக்குப் பஞ்சம்.

---

ஆத்தங்கரையான்

இதோ, நோட்டில் இருப்பது அப்படியே:

"17 ஞாயிறு. காலை 8.30 குப்பி காலி. பகல் 1.10 நிறைந்தது. கொட்டினேன். சாயங்காலம் 6.20 நிறைந்தது, வழிந்தது. கொட்டினேன். கரண்ட் இல்லை. ராத்திரி 11 நிறைந்தது. கொட்டினேன். காற்று இல்லை. இடி இல்லை. சும்மா ஊற்றுகிறது."

அதற்குக் கீழே பேனா மை கரைந்திருக்கிறது.

---

மேகக்கணக்கு

"காற்று இல்லை, இடி இல்லை, சும்மா ஊற்றுகிறது." இந்த ஒரு வரிக்காகவே நோட்டைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம். அன்றைக்கு வந்தது புயல் இல்லை, பெயர் வைத்த எதுவும் இல்லை. குமரிக்கடல் பக்கம் ஒரு மேலடுக்குச் சுழற்சி, அவ்வளவுதான். அதனால்தான் பலர் சாதாரணமாக எடுத்துக்கொண்டார்கள்.

கணக்குப் பாருங்கள். 200 சதுர செ.மீ. வாய்க்கு 4 லிட்டர் என்றால் 200 மில்லிமீட்டர். முதல் குப்பி நிறைய நாலே முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டாவது "வழிந்தது" என்று எழுதியிருக்கிறார், எனவே அது 200-க்கு மேல், எவ்வளவு மேல் என்று தெரியாது. நிறைந்த நேரமும் அவர் போய்ப் பார்த்த நேரம்தான், அதற்கு முன்பே நிறைந்திருக்கலாம். ஆனாலும் பரவாயில்லை. "இந்த நேரத்துக்குள் குறைந்தது இவ்வளவு" என்பதே எங்களுக்குத் தரவுதான். அதற்குத் தனிக் கணக்கு முறை இருக்கிறது. அவர் "வழிந்தது" என்று எழுதாமல் வெறும் 200 என்று போட்டிருந்தால்தான் மோசம்.

---

ரிட்டையர்டு ஓவர்சியர்

மேகக்கணக்கு அம்மா மழையோடு நின்றுவிட்டார்கள். நான் ஆற்றுக்குள் இறங்குகிறேன். பொதுப்பணித்துறையில் நீர்வளப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். எந்த ஆறு என்று சொல்லவில்லை, எல்லா ஆற்றுக்கும் இது பொருந்தும்.

ஆற்றில் எத்தனை கன அடி போகிறது என்று செய்தியில் சொல்கிறார்களே, அதை யாரும் நேராக அளப்பதில்லை. அளப்பது உயரத்தைத்தான். பாலத்துத் தூணிலோ படித்துறையிலோ அளவுகோல் பலகை இருக்கும், லஸ்கர் என்கிற பணியாளர் போய் எத்தனை அடி என்று பார்த்துப் போனில் சொல்வார். அந்த உயரத்துக்கு இத்தனை கன அடி என்று ஒரு வளைகோடு வரைந்து வைத்திருப்போம். அந்த வளைகோடு எப்படி வந்தது? சாதாரண நாட்களில் பாலத்தின் மேலிருந்து கரன்ட் மீட்டர் என்கிற நீரோட்டமானியை இறக்கி, தண்ணீரின் வேகத்தை இடம் இடமாக அளந்து, குறுக்குவெட்டுப் பரப்போடு பெருக்கி, புள்ளி புள்ளியாக வைப்போம்.

இப்போது கேள்வி. பெரிய வெள்ளத்தில் யார் பாலத்தில் நின்று மீட்டர் இறக்கியது? நான் இறக்கியதில்லை. இறக்கியவரைப் பார்த்ததும் இல்லை. மரமும் மாடும் மிதந்து வரும் தண்ணீரில் மீட்டரை விட்டால் மீட்டரும் வராது, கயிறும் வராது. எனவே வளைகோட்டின் கீழ்ப்பாதியில் புள்ளிகள் இருக்கும், மேல்பாதியில் பென்சில் மட்டும் இருக்கும். அந்தப் பென்சில் கோட்டை நம்பித்தான் வெள்ள நாளில் "ஒரு லட்சம் கன அடி" என்று சொல்கிறோம். மாதிரி தப்பு, மாதிரி தப்பு என்று திட்டுகிறார்கள், மாதிரிக்குச் சோறு போட்டதே நாங்கள்தான்.

தாமிரபரணியில் இன்னொரு சிக்கல். பாபநாசம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி என்று தினமும் காலையில் அணை நிலவரம் கேட்டே வளர்ந்த ஊர்க்காரர்கள் நீங்கள். மலையில் பெய்தால் அணைக்கு வரும், அணையில் திறந்தால் நமக்கு வரும், அதற்குள் நேரம் இருக்கிறது என்று ஒரு கணக்கு மனசில் ஊறியிருக்கும். 2023-ல் சமவெளியிலேயே கொட்டிவிட்டது. அணைக்குக் கீழே பெய்த மழைக்கு அணை என்ன செய்யும்? ஓடைகள், காட்டாறுகள், உடைந்த குளங்கள், சீவலப்பேரியில் வந்து சேரும் சிற்றாறு என்று எல்லாம் நேரே ஆற்றுக்கும் வயலுக்கும் வந்தது. அந்த ஓடைகளில் எத்தனையில் அளவுகோல் பலகை இருக்கிறது? வெள்ளம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எல்லோரும் அணையைத்தான் காட்டுவார்கள், ஏனென்றால் அணையில்தான் அளவு இருக்கிறது.

---

சும்மாகேட்டேன்

ஓவர்சியர் சார், பென்சில் கோடு விஷயம் பயமாக இருக்கிறது. வெள்ளம் போன பிறகு அந்த மேல்பாதியைச் சரிசெய்ய வழியே இல்லையா?

---

ரிட்டையர்டு ஓவர்சியர்

இருக்கிறது. அதற்கு ஊர்க்காரர்கள் மனசு வைக்கவேண்டும். வெள்ளம் வடிந்ததும் சுவரில் சேற்றுக்கோடு நிற்கும். ஆற்றோரம் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு இரண்டு மூன்று இடத்தில் அந்தக் கோட்டின் மட்டத்தை லெவல் கருவியில் எடுத்தால் தண்ணீரின் சரிவு கிடைக்கும். ஆற்றின் குறுக்குவெட்டும், அடியில் மணலா பாறையா முள்ளா என்பதும் தெரிந்தால், வடிந்துபோன வெள்ளத்தின் அளவைப் பின்னாலிருந்து கணக்குப் போடலாம். துல்லியம் சுமார்தான், பென்சிலை விட எவ்வளவோ மேல்.

ஆனால் பாருங்கள், 2023 வெள்ளம் வந்தது டிசம்பர் 17, 18. பொங்கல் எப்போது? நாலே வாரம். வீட்டுக்கு வீடு சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். தப்புச் சொல்ல முடியுமா? சேறு படிந்த சுவரோடு யார் பொங்கல் வைப்பார்கள்? எனக்குத் தெரிந்து ஒரு வீட்டில் மட்டும் ஒரு பாட்டி, கோட்டை விட்டுவிட்டு மேலும் கீழும் வெள்ளை அடிக்கச் சொன்னார்களாம், "பேரன் கேட்டால் காட்டணும்" என்று. என் இருபது வருட ஃபைல் எல்லாவற்றையும் விட அந்தச் சுவர் பெரிசு.

குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. திருநெல்வேலிக்காரர்களுக்கு அதுதான் வெள்ளமானி. மண்டபம் தெரிகிறதா, மூழ்கிவிட்டதா என்று பார்த்தே பேசுவார்கள். போட்டோ எடுக்கும்போது நேரத்தோடு எடுங்கள். ஒரே தூண், ஒரே கோணம், மணிக்கு ஒரு படம் என்றால் அதுவே நீர்மட்டப் பதிவுதான்.

---

உப்பளத்தான்

தூத்துக்குடியிலிருந்து. நான் படித்தவன் இல்லை. ஆனால் அளவு தெரியும். பாத்தியில் உப்புத் தண்ணீர் எத்தனை டிகிரி ஏறியிருக்கிறது என்று மானி போட்டுப் பார்த்துத்தான் எங்கள் பிழைப்பு.

என் கேள்வி ஒன்றுதான். அன்றைக்கு அதி கனமழை என்று சொன்னார்கள். நான் கேட்டேன். உப்பு அம்பாரத்தின் மேல் கீற்று போட்டு, தார்ப்பாய் போட்டு, கயிறு கட்டினேன். அதற்கு முந்தின வருடமும் அதி கனமழை என்றார்கள், அப்போதும் இப்படித்தான் கட்டினேன், பிழைத்தது. இந்தத் தடவை அம்பாரம் இருந்த இடமே தெரியவில்லை. ஒரே வார்த்தைக்கு இரண்டு அர்த்தமா?

---

மேகக்கணக்கு

உப்பளத்தான் அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி.

வானிலைத் துறையின் அட்டவணையில் 6.45 செ.மீ. முதல் கனமழை, 11.56 முதல் மிக கனமழை, 20.45 தொட்டால் அதி கனமழை. அதற்கு மேல் படி கிடையாது. ஆகவே 21 செ.மீ. பெய்தாலும் அதி கனமழை, 95 செ.மீ. பெய்தாலும் அதி கனமழை. வெள்ளம் வந்த பிறகு "எச்சரித்தோம்" என்று ஒரு பக்கமும் "இவ்வளவு என்று சொல்லவில்லையே" என்று இன்னொரு பக்கமும் சண்டை நடந்ததே, அதில் இரண்டு பக்கமும் சொன்னது ஒரே அட்டவணையைப் பார்த்துத்தான்.

மேலே இன்னும் இரண்டு படி போட்டுவிட்டால் போதுமா என்றால், போதாது. 40-ஐயும் 90-ஐயும் முந்தின நாளே பிரித்துச் சொல்ல மாதிரிக்குத் தெம்பு வேண்டும். அதற்குத் தொடக்க நிலை, அதாவது கணக்கு தொடங்கும் நேரத்தில் வானிலை எப்படி இருக்கிறது என்பது, சரியாக இருக்கவேண்டும். இங்கேதான் நோக்கீடுகள் உள்ளே வருகின்றன. எங்கள் தொழிலில் டேட்டா அசிமிலேஷன் என்போம். தரவைக் கணக்கோடு கலப்பது.

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் பஸ் வருகிறது, நீங்கள் தென்திருப்பேரையில் காத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். கிளம்பின நேரம் தெரியும், வழக்கமான வேகம் தெரியும், எனவே இப்போது ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கும் என்று மனக்கணக்கு. அதுதான் மாதிரி. அப்போது மச்சான் போன் செய்து "பஸ் இப்பத்தான் செய்துங்கநல்லூர் தாண்டுது" என்கிறான். அதுதான் நோக்கீடு. இப்போது யாரை நம்புவீர்கள்? மச்சான் வழக்கமாகச் சரியாகச் சொல்பவனா, தூக்கக் கலக்கத்தில் வேறு பஸ்ஸைப் பார்த்துச் சொல்பவனா? உங்கள் மனக்கணக்கு எத்தனை தடவை பலித்திருக்கிறது? இரண்டையும் தராசில் போட்டு நடுவில் ஓர் இடத்தை எடுத்துக்கொள்வீர்கள். அங்கிருந்து மீண்டும் கணக்கு ஓடும். அடுத்த போன் கருங்குளத்திலிருந்து வந்தால் மறுபடி திருத்தம்.

இந்தத் தராசைக் கணக்காக எழுதியவர்களில் முக்கியமானவர் ருடால்ஃப் கால்மன், 1960-ல். இன்று உலகின் பெரிய வானிலை மையங்கள் எல்லாம் இதன் ஏதோ ஒரு வடிவத்தைத்தான் சில மணி நேரத்துக்கு ஒரு முறை ஓட்டுகின்றன. பலூன் அனுப்பி மேல்காற்றை அளப்பது நம்மூர் நேரப்படி காலை ஐந்தரைக்கும் மாலை ஐந்தரைக்கும். கடலில் மிதவைகள், கப்பல்கள், பறக்கும் விமானங்கள் எல்லாம் தகவல் தருகின்றன. 2020-ல் கொரோனாவால் விமானங்கள் நின்றபோது அந்தத் தரவு சரிந்து, வானிலை மையங்களே கவலைப்பட்டன.

குமரிக்கடலுக்கு மேலே மச்சான்கள் குறைவு. போன் வராத சாலையில் பஸ் எங்கே இருக்கிறது என்று மனக்கணக்கு மட்டும்தான் மிஞ்சும்.

---

உப்பளத்தான்

பஸ் கதை புரிந்தது. செய்துங்கநல்லூர் மச்சானை எனக்கும் தெரியும் போல இருக்கிறதே.

---

சும்மாகேட்டேன்

சரி, மழைமானி வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம். ஏஐ பற்றி யாரும் பதில் சொல்லவில்லை. கூகுளே ஆற்று வெள்ளத்தை முன்கூட்டிச் சொல்கிறது, அளவுகோலே இல்லாத ஆற்றுக்கும் சொல்கிறது என்று படித்தேன். அப்படியானால் அப்பாவின் நோட்டு எதற்கு?

---

மேகக்கணக்கு

நீங்கள் படித்தது சரி. 2018-ல் பாட்னாவில் தொடங்கினார்கள். 2024-ல் வந்த அவர்களுடைய ஆய்வில், அளவு இல்லாத ஆறுகளுக்கும் ஐந்து நாள் முன்னால் ஓரளவு நம்பும்படி சொல்ல முடிகிறது என்று காட்டினார்கள். நல்ல வேலை, நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஏஐ எங்கே படித்தது? உலகம் முழுக்க 5,680 நீரளவு நிலையங்களின் பழைய பதிவுகளில். ஒவ்வொரு பதிவுக்குப் பின்னாலும் ஒரு லஸ்கர் நடந்திருக்கிறார். அளவு இல்லாத ஆற்றுக்குச் சொல்கிறது என்றால், அளவு உள்ள ஆறுகளிடமிருந்து கற்றுக்கொண்டு சொல்கிறது.

வானிலைக்கான ஏஐ மாதிரிகளில் பெரும்பாலானவை படிப்பது ஈஆர்ஏ5 என்ற மறுபகுப்பாய்வுத் தொகுப்பை, அதாவது பழைய நோக்கீடுகளை மாதிரியோடு கலந்து மறுபடி கணக்குப் போட்ட வானிலை வரலாற்றை. 1940-லிருந்து இருக்கிறது, பொக்கிஷம். ஆனால் அது பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துப் பார்க்கிறது, கட்டம் ஒன்று ஏறத்தாழ 31 கிலோமீட்டர். ஒரு கட்டத்துக்குள் ஒரு கோடியில் காயல்பட்டினம், மறுகோடியில் பாதி மழை பெற்ற ஊர் என்றால் இரண்டுக்கும் சேர்த்து ஒரே எண். 95 செ.மீ. அங்கே பிறக்கவே பிறக்காது. பார்க்காததை எப்படிக் கற்கும்? அடுத்த 95 வரும்போதும் அது கூச்சத்தோடு குறைத்தே சொல்லும்.

அதனால் அப்பா நோட்டுக்கு வேலை இரண்டு. ஒன்று, ஏற்கெனவே ஓட்டிய மாதிரிகளைப் பின்னோக்கிச் சோதிப்பது: 17-ம் தேதி பகல் 1.10-க்குள் அந்த இடத்தில் 200 மி.மீ. வந்ததா இல்லையா? வரவில்லை என்று சொல்லும் மாதிரி எங்கே சறுக்கியது? இன்னொன்று, வெள்ளம் அங்கே எத்தனை மணிக்கு ஏறியது என்பதோடு மழையைப் பொருத்துவது. ஆத்தங்கரையான், முற்றத்தில் தண்ணீர் வந்த நேரம் சரியாக நினைவிருக்கிறதா?

---

ஆத்தங்கரையான்

11-க்கும் 12-க்கும் நடுவில். ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுவிட்டது என்று மச்சில் இருக்கும்போதுதான் போன் வந்தது. அதற்கப்புறம் டவரே இல்லை. நேரம் குறிக்க எங்களுக்குத் தோன்றவில்லை, அப்பா மட்டும் "மணி பாரு, மணி பாரு" என்று கத்திக்கொண்டிருந்தார். அப்போது எரிச்சலாக இருந்தது.

---

ரைன்கரைத் தமிழன்

ஜெர்மனியிலிருந்து எழுதுகிறேன். இந்த இழையைப் படிக்கும்போது எங்கள் பக்கத்து ஆர் பள்ளத்தாக்கு நினைவு வந்தது. 2021 ஜூலை 14. ஆர் என்பது ரைனில் கலக்கும் சின்ன ஆறு, நம்மூர்க் கணக்கில் ஓடை. ஆல்டனார் என்ற ஊரில் நீரளவு நிலையம் இருந்தது. அதற்கு முன் அங்கே பதிவான உச்சம் 2016-ல் 3.71 மீட்டர். அன்றிரவு 5.75 காட்டிவிட்டு நிலையமே அடித்துக்கொண்டு போய்விட்டது. பிறகு சுவர்க்கோடுகளைப் பார்த்துத்தான் ஏறக்குறைய 10 மீட்டர் வரை போயிருக்கலாம் என்று கணித்தார்கள். ஓவர்சியர் சார் சொன்ன அதே சேற்றுக்கோடு. அந்தப் பள்ளத்தாக்கில் மட்டும் 130-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பணக்கார நாடு, நவீனக் கருவி எல்லாம் இருந்தும்.

இதில் எனக்குப் பொறுக்காத விஷயம், 1804-லும் 1910-லும் அதே ஆற்றில் பயங்கர வெள்ளம் வந்திருக்கிறது, ஊர்க் குறிப்புகளில் இருக்கிறது. ஆனால் வெள்ள அபாய வரைபடம் போட்டபோது 1947-க்குப் பிறகான கருவிப் பதிவை மட்டும் எடுத்துக் கணக்குப் போட்டார்கள். "நூறு வருடத்துக்கு ஒரு முறை" என்று வந்த எண் சின்னதாகிவிட்டது. கருவியில் பதியாதது நடக்கவே இல்லை என்று ஆகிவிட்டது.

"தனியார் பதிவைச் சேர்க்க முடியாது" என்ற வரியைப் படித்ததும் கை சும்மா இருக்கவில்லை, எழுதிவிட்டேன்.

---

காயல் டீச்சர்

95 செ.மீ. ஊர் எங்களுடையது. அந்த எண்ணைப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு மீட்டர் ஸ்கேலைச் சுவரில் நிறுத்தினேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இடுப்புக்கு மேலே வந்தது. "டீச்சர், இவ்வளவு தண்ணியும் எங்க போச்சு?" என்று ஒரு பையன் கேட்டான். பதில் சொல்லத் தெரியவில்லை.

ஒரு சந்தேகம். இது பருவநிலை மாற்றத்தால்தானா? பிள்ளைகள் கேட்கிறார்கள், ஆமாம் என்று சொல்லிவிடலாமா?

---

மேகக்கணக்கு

டீச்சர், ஒரு வார்த்தையில் ஆமாம் என்று சொல்லவேண்டாம். காற்று ஒரு டிகிரி சூடானால் அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 சதவீதம் கூடும். இது அடிப்படை இயற்பியல், மாறாது. அதனால் கொட்டும் மழை கூடுதலாகக் கொட்ட வாய்ப்பு கூடுகிறது. ஆனால் இந்த ஒரு மழையில் எவ்வளவு பங்கு அதனுடையது என்று சொல்ல நீண்ட காலப் பதிவு வேண்டும். 1992 நவம்பரில் மாஞ்சோலை மலையில் காக்காச்சியில் 96 செ.மீ. பதிவாகியிருக்கிறது. அது மலை, உங்களுடையது கடற்கரை. இரண்டும் 31 வருட இடைவெளியில், ஒரே வட்டாரத்தில். இரண்டு புள்ளியை வைத்துக் கோடு போட்டால் எங்கே வேண்டுமானாலும் போகும்.

நீண்ட பதிவின் அருமைக்கு நம்மூரிலேயே சான்று உண்டு. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-ல் வானாய்வகம் வந்தது. 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறைக்குத் தலைமை வகித்த கில்பர்ட் வாக்கர், உலகெங்குமிருந்து வந்த காற்றழுத்தம், மழைப் பதிவுகளைக் குமாஸ்தாக்களை வைத்துக் கணக்குப் போடச் செய்துதான் தென் அலைவைக் கண்டுபிடித்தார், அதாவது பசிபிக் கடலின் ஒரு பக்கம் காற்றழுத்தம் ஏறினால் மறுபக்கம் இறங்கும் ஊசலாட்டத்தை. இன்று எல் நினோ என்று பேசுகிறோமே, அதன் பாதிக் கதை அங்கிருந்து வந்தது. கம்ப்யூட்டர் கிடையாது. நோட்டுதான்.

ஆனால் நீண்ட பதிவு என்றால் ஒரே மாதிரி அளந்த பதிவாக இருக்கவேண்டும். ஆத்தங்கரையான், கொஞ்சம் துருவிக் கேட்கப்போகிறேன், கோபப்படாதீர்கள். மானி எப்போதாவது இடம் மாறியதா? பக்கத்தில் மரம், மாடி ஏதாவது வந்ததா?

---

ஆத்தங்கரையான்

கோபமெல்லாம் இல்லை அக்கா. அப்பாவைக் கேட்டேன். 2009-ல் பக்கத்து வீட்டில் மாடி கட்டினார்கள். மேற்கே இருந்து சாரல் மறைகிறது என்று மானியை வாழைத் தோட்டத்துப் பக்கம் மாற்றினாராம். எந்தத் தேதி என்று நோட்டிலேயே இருக்கிறது. தென்னை ஒன்று இருந்தது, மட்டை விழுந்து புனல் நசுங்கி ஒரு தடவை மாற்றியிருக்கிறார், அதுவும் இருக்கிறது. மாற்றாமல் இருந்த இரண்டு மாதத்துக்கு ஓரத்தில் "சந்தேகம்" என்று எழுதியிருக்கிறார்.

---

ரிட்டையர்டு ஓவர்சியர்

உங்கள் அப்பாவை எங்கள் டிவிஷனில் போட்டிருக்கவேண்டும்.

தானியங்கி மழைமானியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாநிலத்தில் 1,400 தானியங்கி மழைமானிகள் வைக்கும் திட்டம் வந்தது, நல்லது. ஆனால் உள்ளே இருப்பது ஏற்றம் போல ஆடும் சின்ன வாளி. நிறைந்தால் சாயும், ஒரு எண் ஏறும். பேய்மழையில் அது சாய்கிற நேரத்துக்குள் கொஞ்சம் தண்ணீர் கணக்கில் வராமல் போகும். வாயில் இலை விழுந்தால், குளவி கூடு கட்டினால், மழை நாளில் வெயில் என்று காட்டும். சுத்தம் செய்ய ஆள் வேண்டும். கருவி வாங்க ஒரு தடவை பணம் கிடைத்துவிடும், துடைக்கிற ஆளுக்குச் சம்பளம்தான் எந்த பட்ஜெட்டிலும் இருக்காது. பக்கத்திலேயே ஒரு குப்பி மானியும் வைத்து மாதம் ஒரு முறை ஒப்பிட்டால் போதும், தப்பு தெரிந்துவிடும்.

---

சும்மாகேட்டேன்

நான் கேட்டதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். எங்கள் மாடியிலும் ஒரு மானி வைக்கலாமா என்று யோசிக்கிறேன்.

---

ரிட்டையர்டு ஓவர்சியர்

மாடியில் வேண்டாம் தம்பி. மேலே காற்று சுழலும், மழை குறைத்து விழும். தரையில், திறந்த இடத்தில், பக்கத்துச் சுவரின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளி வையுங்கள்.

---

மேகக்கணக்கு

நோட்டுகளைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புங்கள் ஆத்தங்கரையான். கரையான் தின்றதையும் சேர்த்து. எண்களை ஏற்றும் வேலையை நானும் இரண்டு மாணவர்களும் பார்த்துக்கொள்கிறோம்.

ஏற்றுவதற்கு முன் கடைசியாக ஒன்று. காலை எட்டரைக்கு அளந்த மழையை அப்பா எந்தத் தேதியில் எழுதுவார்? வானிலைத் துறை அளந்த நாளின் தேதியில் போடும். 17-ல் பெய்த மழை அவர்கள் பட்டியலில் 18-ல் இருக்கும். வீட்டில் அளப்பவர்கள் பலர் பெய்த நாளிலேயே போட்டுவிடுவார்கள். இது தெரியாமல் ஒப்பிட்டால் எல்லாம் ஒரு நாள் தள்ளிப்போய், நல்ல பதிவுகூடக் குப்பை மாதிரி தெரியும்.

---

ஆத்தங்கரையான்

கேட்டுவிட்டேன். ஒரு வம்பு இருக்கிறது அக்கா.

முதலில் பெய்த நாளில்தான் எழுதினாராம். பேப்பரில் வரும் அளவோடு ஒத்துப்போகவில்லை என்று அப்புறம் அவர்கள் மாதிரி அளந்த நாளுக்கு மாற்றிக்கொண்டாராம். எந்த வருடம் மாற்றினார் என்று மட்டும் எழுதி வைக்கவில்லை. "அதைப் போய் யாரு கேக்கப்போறான்னு விட்டுட்டேன்" என்கிறார். இப்போது ஐந்தாவது நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, பழைய பேப்பர் கட்டை எடுத்து வரச் சொல்லி என்னைப் பரணில் ஏற்றிவிட்டார். இறங்கியதும் எழுதுகிறேன்.